சேவ் பண்ண ஒரு படுக்கை

2016-ஆம் ஆண்டின் முதற்பாதியில் பெதெஸ்டா நிறுவனம் தன் 'ஃபால்அவுட் 4' விளையாட்டுக்கு ஓர் இலவச அப்டேட்டை வெளியிட்டது. அதில் புதுக்கதை எதுவும் வரவில்லை. 'சர்வைவல்' என்ற பெயரில் ஏற்கெனவே இருந்த உச்சக் கடினநிலையை எடுத்து முழுசாக மாற்றி எழுதியிருந்தார்கள். மாற்றம் என்றால், விளையாடுகிறவருக்குக் கொடுத்திருந்த வசதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வது.

முதலில் போனது சேவ் செய்யும் உரிமை. நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. எங்காவது ஒரு படுக்கையைக் கண்டுபிடித்துப் படுத்துத் தூங்கினால்தான் சேமிப்பு. அடுத்தது ஃபாஸ்ட் டிராவல். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அங்கே போய் நிற்கும் வசதி கிடையாது, நடந்துதான் போகணும், நடந்துதான் திரும்பணும். தோட்டாவுக்கு எடை வந்தது. பசி, தாகம், களைப்பு வந்தன. அசுத்தத் தண்ணீரைக் குடித்தால் நோய் வந்தது, நோய்க்கு ஆன்டிபயாட்டிக் தேட வேண்டியிருந்தது. கணினியில் விளையாடுபவர்கள் ரகசியக் கட்டளை தட்டித் தப்பிக்கிற வழியையும் அடைத்துவிட்டார்கள்.

கதை நடப்பது 2287-இல், அணுப்போரில் அழிந்த பாஸ்டன் நகரத்தில். அந்த நகரத்தில் இப்படி ஒன்றரை மணி நேரம் நடந்து, நாலு சண்டையில் பிழைத்து, படுக்கை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு கண்ணிவெடியை மிதித்தால் அந்த ஒன்றரை மணி நேரமும் காலி.

இதைக் காசு கொடுத்து வாங்கிய மனிதர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் ஆச்சரியம். வசதியை நீக்குவது ஒரு பரிசாக எப்படி மாறியது? இதற்குப் பதில் தேட வேண்டுமென்றால், விளையாட்டில் சாவு என்ற ஒன்று எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காசுக்கு விற்ற சாவு

ஜப்பானில் தைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978-இல் வந்தது. மேலிருந்து இறங்கும் வேற்றுக்கிரகவாசிகளை எவ்வளவு சுட்டாலும் அவர்கள் தீர மாட்டார்கள். அந்த ஆட்டத்தில் நிரந்தர வெற்றி என்று ஒன்று இல்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பது மட்டும்தான் கணக்கு. ஏன் அப்படி என்றால், அந்தப் பெட்டியின் வயிற்றில் ஒரு காசுத் துவாரம் இருந்தது. ஒருவர் நெடுநேரம் சாகாமல் விளையாடினால் கடைக்காரருக்கு நட்டம். ஆக, ஆர்கேட் காலத்தின் சாவு ஒரு வியாபார ஏற்பாடு. மூன்று உயிர், சில நிமிடம், அடுத்த காசு.

'கேம் ஓவர்' என்ற சொல்லை நாம் ஏதோ தத்துவம் மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டோம். அது ஆரம்பத்தில் ஒரு ரசீதின் கடைசி வரிதான்.

ஏறக்குறைய அதே சமயத்தில், காசுத் துவாரமே இல்லாத இடத்தில் வேறொரு சாவு பிறந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் 1980 வாக்கில் 'ரோக்' என்ற விளையாட்டை எழுதினார்கள். பிறகு பெர்க்லியில் கென் ஆர்னால்ட் சேர்ந்துகொண்டார். படம் கிடையாது, எல்லாமே எழுத்துகள்தான். நீங்கள் ஒரு '@' குறி. அரக்கர்கள் ஆங்கில அரிச்சுவடியின் 26 பெரிய எழுத்துகள். பாதாள அறைகள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். செத்தால் செத்ததுதான், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கணும்.

பல்கலைக்கழகக் கணினியில் யாரும் காசு போட்டு விளையாடவில்லை. பின் ஏன் இந்தக் கடுமை? ஆளைத் தண்டிப்பது நோக்கமில்லை, எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விளைவு இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தோம் என்ற பொருளில் விச்மன் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். தெரியாத ஒரு மருந்தைக் குடிப்பதா வேண்டாமா என்று ஓர் ஆள் இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டுமென்றால், அந்த மருந்து அவரை உண்மையிலேயே முடித்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும். குடித்துப் பார்த்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றால் யார் யோசிப்பார்கள்?

'ரோக்'கில் சேமிப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது புத்தகத்தில் அடையாள அட்டை வைப்பது மாதிரி. நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வந்து திறந்ததும் அந்தக் கோப்பு அழிந்துவிடும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கோப்பைப் பிரதி எடுத்து ஒளித்து வைத்தார்கள். எழுதியவர்கள் அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சேர்த்தார்கள். சாவை ஏமாற்றுவதற்கும் ஏமாற விடாமல் தடுப்பதற்குமான அந்தப் போட்டி இன்றுவரை முடியவில்லை.

விண்வெளி நிலையமும் எஃப்6 விசையும்

எதிர்காலத்தில் நடக்கும், எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய உலகம் என்ற வகைக்கு மூதாதை யார் என்று கேட்டால் 1984-இல் வந்த 'எலைட்'டைத்தான் காட்ட வேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதியது. மொத்த நினைவகமே 32 கிலோபைட். இன்று நம் கைப்பேசியில் வந்து விழும் ஒரு மங்கலான ஸ்டிக்கர் அளவு. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 உலகங்கள். வியாபாரம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், சும்மா சுற்றலாம்.

ஆர்கேட் பழக்கம் அப்போது எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்றால், இந்த விளையாட்டை முதலில் பார்த்த ஒரு பதிப்பு நிறுவனம், மூன்று உயிர் வேண்டும், ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும் என்கிற ரீதியில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. இருவரும் மாற்றவில்லை. ஏக்கார்ன்சாஃப்ட் அதை வெளியிட்டது.

'எலைட்'டில் சேமிப்பு விண்வெளி நிலையத்தில் கப்பலை நிறுத்தியிருக்கும்போது மட்டும்தான். நடுவெளியில் கொள்ளையர்களிடம் மாட்டினால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் தூரத்தில் ஒரு புள்ளியாக நிலையம் தெரியும்போது வரும் நிம்மதி வெறும் காட்சி சார்ந்ததாக இருக்கவில்லை. 32 ஆண்டுகள் கழித்து 'ஃபால்அவுட் 4' கொண்டுவந்த படுக்கை, இந்த விண்வெளி நிலையத்தின் வாரிசு.

நடுவில் என்ன நடந்தது என்றால், தொழில்நுட்பம் முன்னேறியது. 1987-இல் அமெரிக்காவுக்கு வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' கேட்ரிஜுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. கருவியை அணைத்தாலும் நினைவு அழியாது. வன்தட்டு மலிவானது. 1993-இல் 'டூம்' வந்தபோது எஃப்6 விசையைத் தட்டினால் போதும், அந்த நொடி உறைந்து வட்டில் உட்கார்ந்துவிடும். கதவைத் திறப்பதற்கு முன் ஒரு தட்டு. திறந்து பார்த்தால் அரக்கன். பழைய நொடிக்குத் திரும்பு. இந்த முறை ராக்கெட்டை எடுத்துக்கொண்டு திற.

இது பெரிய விடுதலை. பள்ளிப் பிள்ளை, வேலைக்குப் போகிறவர், குழந்தை அழுதால் ஓட வேண்டியவர், எல்லாருக்கும் இது உதவியது. அதே சமயம் விசித்திரமான ஒன்றும் நடந்தது. விளையாட்டுக்குள் இருக்கும் வீரனுக்குத் தெரியாத எதிர்காலம் விளையாடுகிறவருக்குத் தெரிந்துவிட்டது. பயம் போய்விட்டது. 'டூம்' எழுதியவர்களே இதை உணர்ந்தார்களோ என்னவோ, 1994-இல் வந்த 1.2 பதிப்பில் 'நைட்மேர்' என்றொரு நிலையைச் சேர்த்தார்கள். அரக்கர்கள் வேகமாக வருவார்கள், கொன்றாலும் சிறிது நேரத்தில் எழுந்து வருவார்கள், ஏமாற்றுக் கட்டளைகள் வேலை செய்யாது. தேர்ந்தெடுக்கும்போதே, இது நியாயமான நிலை கிடையாது, நிச்சயமாக வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.

அந்தக் கேள்விதான் முக்கியம். ஆர்கேட்டில் கடுமையை உங்கள்மேல் திணித்தார்கள். இங்கே உங்கள் சம்மதத்தைக் கேட்டார்கள். 2000-இல் 'டயாப்லோ 2' இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. அதன் 'ஹார்ட்கோர்' முறையில் வீரன் ஒருமுறை செத்தால் திரும்ப மாட்டான். ஆனால் சாதாரண முறையில் ஆட்டத்தை ஒருதடவை முடித்துக் காட்டினால்தான் அந்தக் கதவே திறக்கும். கஷ்டப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்றாகிவிட்டது!

பாலைவனத்தில் தண்ணீர்

பெரும்பாலான விளையாட்டுகளில் 'கடினம்' என்றால் ஒரு பெருக்கல் கணக்கு. எதிரியின் உயிரை இரண்டால் பெருக்கு, உன் அடியை இரண்டால் வகு. அவ்வளவுதான். அதே கதவு, அதே எதிரி, சுட வேண்டிய தோட்டா மட்டும் இருமடங்கு. உலகம் மாறுவதில்லை. விரல்தான் வலிக்கும்.

'ஃபால்அவுட்' வரிசை இதிலிருந்து விலகிய இடம் தண்ணீர். 1997-இல் வந்த முதல் 'ஃபால்அவுட்' 2161-இல் நடக்கிறது. பாதாளப் புகலிடம் ஒன்றின் நீர்ச் சுத்திகரிப்புச் சில்லு பழுதாகிவிடுகிறது. 150 நாளுக்குள் மாற்றுச் சில்லு கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் சாவு. தண்ணீர் வியாபாரிகளை அனுப்பி வைத்தால் இன்னும் 100 நாள் கிடைக்கும். நாயகனுக்குத் தாகம் எடுப்பதேயில்லை. தாகம் எடுத்தது ஊருக்கு.

2010-இல் அப்சிடியன் நிறுவனம் ஜாஷ் சாயரின் தலைமையில் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்ற விளையாட்டைத் தந்தது. 2281, நெவாடாவின் மொஹாவே பாலைவனம். இதில் 'ஹார்ட்கோர்' என்று தனியாக ஒரு முறை. இதைக் கடினநிலையிலிருந்து பிரித்து வைத்ததுதான் புத்திசாலித்தனம். சண்டை சுலபமாக இருக்க, வாழ்க்கை மட்டும் கஷ்டமாக இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

அந்த முறையில் பசி, தாகம், தூக்கமின்மை என்று மூன்று எண்கள் 0-இலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். 1000-ஐத் தொட்டால் சாவு. மருந்து உடனே குணப்படுத்தாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்யும். தூங்கி எழுந்தால் உடைந்த கால் சரியாகிவிடாது. கூட வரும் தோழர்கள் சாதாரண முறையில் மயங்கி விழுந்து எழுவார்கள். இதில் செத்துவிடுவார்கள்.

எண்களாகச் சொன்னால் இது ஒரு தொல்லை மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த விளையாட்டின் கதையே தண்ணீரைப் பற்றியது. ஹூவர் அணைக்காக இரண்டு பேரரசுகள் மோதுகின்றன. நகரத்துக்குள் ஒரு கிளைக்கதை வரும். நியூ கலிபோர்னியா குடியரசின் பண்ணைகளுக்குப் போக வேண்டிய தண்ணீரை வெஸ்ட்சைட் என்ற ஏழைகளின் குடியிருப்பு ரகசியமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள். காட்டிக்கொடுப்பதா, மறைப்பதா?

சாதாரண முறையில் விளையாடுகிறவருக்கு இது ஒரு நல்ல தர்க்கப் புதிர். ஹார்ட்கோரில் விளையாடுகிறவரோ அன்று காலைதான் ஒரு துருப்பிடித்த குழாயைத் தேடி அரை மணி நேரம் நடந்திருப்பார், பையில் எத்தனை போத்தல் தண்ணீர் மீதம் என்று எண்ணியிருப்பார். அவருக்கு அதே கேள்வி வேறு எடையில் வரும். வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது கேட்கிறவரின் உடம்பு. 'முறை' என்று சொல்லப்படும் ஒரு சின்னப் பொத்தானால் கதையின் பொருளை மாற்ற முடியும் என்பதை நான் அறிந்தவரையில் இவ்வளவு தெளிவாக நிரூபித்த முதல் விளையாட்டுகளில் இது ஒன்று.

இதை முடித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு? ஒரு சாதனைப் பட்டியல் குறி. புது ஆயுதம்கூட இல்லை. நடுவில் எப்போது வேண்டுமானாலும் அணைத்துவிடலாம், குறி மட்டும் கிடைக்காது.

புருணைக் காட்டிலிருந்து

இந்த வரலாற்றில் நம் பக்கத்து ஊரும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. டீன் ஹால் நியூசிலாந்து ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். பரிமாற்றத் திட்டம் ஒன்றில் சிங்கப்பூர் ஆயுதப் படையுடன் பயிற்சி செய்ய வந்தார். அப்போது புருணையில் நடந்த உயிர்பிழைப்புப் பயிற்சியில் கடுமையாகக் காயமடைந்து அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்த அண்ணன்மார்களிடம் 'புருணை' என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் காட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. பசியிலும் பயத்திலும் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை வீரர்களுக்கு உணர்த்தும் ஒரு பயிற்சிக் கருவி. அது 2012-இல் 'ஆர்மா 2' விளையாட்டுக்கான மாற்றுவடிவமாக, 'டேஸீ' என்ற பெயரில் வந்தது. 225 சதுர கிலோமீட்டர் நிலம், நடைப்பிணங்கள், பசி, தாகம், கூடவே மற்ற மனிதர்கள். செத்தால் சேர்த்தது எல்லாம் போய், வெறுங்கையோடு கடற்கரையில் மீண்டும் தொடக்கம். சில மாதங்களிலேயே பத்து லட்சம் பேருக்குமேல் விளையாடினார்கள்.

விளையாடியவர்கள் நடைப்பிணங்களைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் மற்ற மனிதர்களைப் பற்றி. எதிரே வருகிறவர் கையில் துப்பாக்கி, என் கையில் ஒரு பீன்ஸ் டப்பா. அவர் சுடுவாரா, பேசுவாரா? இழப்பதற்கு ஒன்று இருக்கும்போதுதான் ஓர் அந்நியரின் கருணைக்கு அர்த்தம் வருகிறது. 'ரோக்' எழுதிய மாணவர்கள் ஒரு மருந்துக் குப்பியை வைத்துக் கண்டுபிடித்ததை, டேஸீ இரண்டு மனிதர்களுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தது.

2016: நடந்தே போன நகரம்

இப்போது 'ஃபால்அவுட் 4'-இன் படுக்கைக்குத் திரும்பலாம். 2015 நவம்பரில் வெளியானபோது அந்த விளையாட்டின்மேல் ஒரு குறை இருந்தது. உலகம் பெரியது, ஆனால் யாரும் அதில் வாழவில்லை. வரைபடத்தைத் திறந்து தாவித் தாவிப் போனார்கள். குடியிருப்புகள் கட்டும் வசதி இருந்தும், பலருக்கு அது பொம்மை வீடு கட்டுவதாகவே பட்டது.

சர்வைவல் முறை வந்ததும் அந்தக் குடியிருப்புக்கு ஒரு காரணம் கிடைத்தது. நடந்துதான் போக வேண்டும் என்றால், வழியில் ஒரு படுக்கை வேண்டும், ஒரு கைப்பம்பு வேண்டும், சமைக்க அடுப்பு வேண்டும். நகரத்தின் குறுக்கே ஒரு சங்கிலிபோலச் சத்திரங்கள் கட்டத் தொடங்கினார்கள். பழைய காலத்து வணிகப் பாதைகளில் ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம் என்று ஏன் வைத்தார்கள் என்பது எந்தப் பாடநூலும் இல்லாமல் புரிந்துவிடும்.

இன்னொன்று அதைவிடச் சுவாரசியமானது. ஃபாஸ்ட் டிராவல் எல்லாருக்கும் போய்விட்டது என்றேன். ஒரு விலக்கு உண்டு. 'பிரதர்ஹூட் ஆஃப் ஸ்டீல்' என்ற ராணுவக் கூட்டத்தில் சேர்ந்தால் அவர்கள் வானூர்தியில் ஏற்றிப் போவார்கள். 'இன்ஸ்டிட்யூட்' என்ற பாதாள விஞ்ஞானிகள் பக்கம் சேர்ந்தால், அவர்களிடம் டெலிபோர்ட் வசதி இருக்கிறது. சாமானிய மக்களோடு நிற்கும் 'மினிட்மென்' பக்கம் இருந்தால் கால்தான் துணை. சாதாரண முறையில் யார் பக்கம் சேர்வது என்பது கொள்கை சார்ந்த கேள்வி. சர்வைவலில் அது போக்குவரத்து சார்ந்த கேள்வியும்கூட. நல்லவர்களோடு நடப்பதா, அடக்குமுறையாளர்களோடு பறப்பதா? வாகனம் வைத்திருப்பவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது என்பதைத் திரைக்கதை எழுதியவர்கள் சொல்லவில்லை. ஒரு வசதியை நீக்கியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கடுமை எல்லாமே கலையாகிவிடவும் இல்லை. அந்த விளையாட்டு திடீரென்று நின்றுபோவதற்குப் பேர்போனது. கண்ணிவெடியில் செத்தால் அது என் பொறுப்பு. நிரல் முறிந்து ஒரு மணி நேரம் போனால் அது யார் பொறுப்பு? வீரர்கள் கொதித்தார்கள். ரசிகர்கள் எழுதிய மாற்றுநிரல்கள் சேமிப்பைத் திரும்பக் கொண்டுவந்தன. பின்னர் வந்த ஓர் அப்டேட்டில் நிறுவனமே ஒரு வழி செய்தது. ஆட்டத்தைவிட்டு வெளியேறும்போது ஒரு தற்காலிகச் சேமிப்பு. திரும்ப வந்து திறந்ததும் அது அழிந்துவிடும். சுற்றிச் சுற்றி 1980-இன் 'ரோக்' மாணவர்கள் வந்த அதே தீர்வு.

அதே 2016-இல் இன்னொரு பாடமும் நடந்தது. ஆகஸ்டில் ஹலோ கேம்ஸ் வெளியிட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை' 2-இன் 64-ஆம் அடுக்கு எண்ணிக்கையில், அதாவது 1,84,000 கோடி கோடிக்குச் சற்றே அதிகமான கோள்களைத் தந்தது. வாங்கியவர்களில் பலர் ஏமாந்துபோனார்கள். வாக்களித்த அம்சங்கள் இல்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, எங்கே போனாலும் ஒன்றுதான் என்ற உணர்வு. நவம்பரில் வந்த 'ஃபவுண்டேஷன்' அப்டேட்டில் சர்வைவல் முறை சேர்ந்தது. 2017 மார்ச்சில் வந்த 'பாத்ஃபைண்டர்' அப்டேட்டில் செத்தால் சேமிப்பே அழியும் 'பெர்மாடெத்' முறை. கோள்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் கொளுத்தும் கோள் ஒன்றில் பாதுகாப்பு உடையின் மின்சாரம் தீர்ந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் தெரியும் ஒரு குகை, முடிவிலியில் ஒரு புள்ளியாக இல்லாமல், ஓர் இடமாக மாறிவிடுகிறது.

யாருக்கு நேரம் இருக்கிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு, கடினமாக விளையாடுபவர்தான் உண்மையான ஆட்டக்காரர் என்று யாராவது கிளம்பினால், அங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்தப் பெருமைப் பேச்சு இந்த வரலாற்றின் மோசமான பக்க விளைவு.

சேமிப்பு இல்லாத முறை அடிப்படையில் நேரத்தைக் கேட்கிறது. ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம். இரண்டு ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் அது கிடையாது. கை நடுக்கமோ பார்வைக் குறையோ உள்ளவருக்கு எஃப்6 விசை ஏமாற்று வேலை கிடையாது, உள்ளே வருவதற்கான சாய்தளம். மலேசியாவில் சைபர் கஃபேயில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். பல கடைகளில் கணினியை மறுபடி தொடங்கியதும் வட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்படி மென்பொருள் போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து விளையாடிய கதையெல்லாம் மறுநாள் இருக்காது. அந்தப் பெர்மாடெத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டில் கணினி இல்லாததால் வந்தது.

டேனிஷ் ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013-இல் 'தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்ற சிறு நூலில் ஒரு முரணைப் பேசுகிறார். மனிதர்கள் பொதுவாகத் தோல்வியைத் தவிர்க்கிறார்கள், விளையாட்டில் மட்டும் அதைத் தேடிப் போகிறார்கள். யூலின் விளக்கங்கள் நீளமானவை. இந்த வரலாற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பகுதி விடையாகத் தோன்றுவது சம்மதம். தேர்ந்தெடுத்த கஷ்டத்துக்கு ஒரு வெளிக்கதவு இருக்கிறது. 'நியூ வேகஸ்' அந்தக் கதவை எப்போதும் திறந்தே வைத்தது. 'ஃபால்அவுட் 4' ஒருமுறை வெளியே போனால் அந்த ஆட்டத்தில் மீண்டும் உள்ளே வர முடியாதபடி வைத்தது. எவ்வளவு கடுமையானாலும் கதவு உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர் விநியோகம் தடைபட்டு, வாளியோடு வரிசையில் நிற்கும்போது மெனுவில் போய் அணைக்க எந்தப் பொத்தானும் இல்லை.

அதனால் இந்த முறைகள் வாழ்க்கையை அப்படியே காட்டுகின்றன என்று சொல்ல மாட்டேன். மொஹாவேயில் தாகத்தை ஓர் எண்ணாகப் பார்த்தவர், உண்மையான தாகத்தை அறிந்தவர் ஆகிவிட மாட்டார். அவை செய்வது வேறு. பொறியியல் படித்தவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது பேக்கப் எடு, திரும்பப்பெற வழி வை என்பதுதான். சரியான பாடம். பாலத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அது வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் திரும்பப்பெற முடிகிற ஓர் இடத்தில் எந்தத் தேர்வும் தேர்வாக இருப்பதில்லை. அனுப்பிய செய்தியை அழிக்கலாம், போட்ட படத்தை மாற்றலாம் என்று பழகிய நமக்கு, மாற்ற முடியாத ஒன்றின் முன்னால் நின்று யோசிக்கும் பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. அந்தப் பழக்கத்தை உயிருக்கு ஆபத்தில்லாமல் திரும்பக் கொடுக்கும் இடமாக, ஒரு விளையாட்டின் கடைசி மெனுவில் இருக்கும் ஒரு பொத்தான் ஆகியிருக்கிறது.

அந்தப் பொத்தானை யாரும் கட்டாயம் அழுத்த வேண்டியதில்லை. அழுத்துகிறவர்கள் இருட்டும் நேரத்தில் பாஸ்டனின் இடிபாடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார்கள். பையில் ஒரு போத்தல் தண்ணீர், மூன்று தோட்டா. தூரத்தில் ஒரு வீட்டின் சன்னல் வழியே கிழிந்த மெத்தை ஒன்று தெரியும். சாதாரண முறையில் அதே வீட்டை அவர்கள் நூறு முறை கடந்து போயிருப்பார்கள். அங்கே ஒரு மெத்தை கிடந்தது என்பதே அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கும்.